கொலைக் கதைகளில் குற்றமும் நீதியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் பேசுதற்குரிய பொருள்கள் பல இருக்க, கொலைக் கதைகளைப் பற்றிப் பேசப் புகுவது முறையாகுமா என அன்பர் சிலர் எண்ணக்கூடும். இரயில் நிலையத்துக் கடையில் வாங்கி, இறங்கும் ஊர் வருமுன் படித்து முடித்து, இருக்கையிலேயே விட்டுச் செல்லும் நூல்களுக்கு இலக்கிய அரங்கில் இடமேது என்பது அவர்தம் வினா. ஆயினும் தமிழ் நாவலின் வரலாற்றை அறிந்தோர் இவ்வகைக் கதைகளைப் புறந்தள்ள இயலாது. பண்டித நடேச சாஸ்திரியார் 1894-ஆம் ஆண்டிலேயே தானவன் என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். அவர்க்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியாரும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும், ஜே. ஆர். ரங்கராஜுவும் எழுதிய துப்பறியும் நாவல்களை நம் முன்னோர் விளக்கில் எண்ணெய் வற்றும்வரை படித்து மகிழ்ந்தனர். அவ்வெழுத்துக்கு ஊற்றாக இருந்தது மேனாட்டு இலக்கியம். சிறப்பாக ஆங்கில இலக்கியம். அவ்வூற்றையே இன்று ஒருமுறை சென்று காண்போம்.

காண்பதற்கு ஒரே ஒரு வினாவை மட்டும் கையில் எடுத்துக்கொள்வோம். கொலை நிகழ்ந்தவுடன் ஊரார் விரல் யாரைச் சுட்டுகிறது? கதை முடியும்போது அவ்விரல் யாரிடம் வந்து நிற்கிறது? பிழைப்பைத் தேடிப் பிறமொழி வழங்கும் மாநகரில் வாழும் நமக்கு இவ்வினா வெறும் இலக்கிய வினா ஆகாது என்பது போகப்போக விளங்கும். கதைகளின் முடிவுகளை வெளியிடாமல் இதனைப் பேச இயலாது. அவற்றை இனிமேல்தான் படிக்க இருப்போர் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பேய் வாழும் மாளிகை

ஆங்கிலக் கொலைக் கதையின் பாட்டி என்று கூறத்தக்கது ‘கோதிக்’ எனப்படும் இருண்ட மாளிகைக் கதை. அதன் தொடக்கம் ஹொரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’. பாழடைந்த கோட்டை, நிலவறை, தானே அசையும் ஓவியம், நள்ளிரவில் கேட்கும் ஓலம் ஆகிய கருவிகள் எல்லாம் அங்கே வந்துவிட்டன. ஆனால் அக்கதையின் தொடக்க நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குக. கோட்டைத் தலைவன் மான்பிரெடின் மகன் மீது வானிலிருந்து பெரிய தலைக்கவசம் ஒன்று விழுந்து அவனை நசுக்கிவிடுகிறது. அக்கவசம் பழைய அரசன் அல்போன்சோவின் சிலையிலுள்ள கவசத்தைப் போன்றிருக்கிறதே என்று பக்கத்து ஊர் உழவனாகிய ஓர் இளைஞன் கூறிவிடுகிறான். அவ்வளவுதான்! மாயம் செய்து கொன்றவன் இவனே என்று மான்பிரெட் அவனைப் பிடித்து அக்கவசத்தின் அடியிலேயே சிறை வைக்கிறான்.

உண்மை என்ன? மான்பிரெடின் பாட்டன் அந்த அல்போன்சோவை நஞ்சூட்டிக் கொன்று கோட்டையைக் கவர்ந்தவன். குற்றம் மூன்று தலைமுறையாக அம்மாளிகைக்குள்ளேயே குடியிருக்கிறது. அயலான் என்று சிறையிடப்பட்ட இளைஞனோ அக்கோட்டைக்கு உரிய வாரிசு. கதையின் பேய் என்பது, வீட்டார் ஒப்புக்கொள்ளாத பழம்பழி உருவெடுத்து நடமாடுவதே. வீட்டின் பழியை வெளியாள் தலையில் ஏற்றுவதும், அது மீண்டும் வீட்டுக்கே திரும்புவதும் ஆகிய இவ்விரு அசைவுகளையே பின்வந்த கொலைக் கதைகள் பேயை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டன.

புரியாத மொழி பேசிய குரல்

துப்பறியும் கதையின் தந்தை என்று போற்றப்படுபவர் அமெரிக்கரான எட்கார் ஆலன் போ. 1841-இல் அவர் எழுதிய ‘ரூ மோர்க் கொலைகள்’ என்ற கதையில், பாரிஸ் நகரத்து மாடி வீடொன்றில் தாயும் மகளும் கோரமாகக் கொல்லப்படுகின்றனர். மாடிப்படியில் ஓடி வந்தோர் இரு குரல்களைக் கேட்டனர். ஒன்று பிரெஞ்சுக்காரன் குரல் என்பதில் ஐயமில்லை. கீச்சென்று ஒலித்த மற்றக் குரல் எம்மொழி பேசியது? பிரெஞ்சுக் காவலர் அது ஸ்பானிய மொழி என்றார். டச்சுக்காரர் பிரெஞ்சு என்றார். ஆங்கிலேயர் ஜெர்மன் என்றார். ஸ்பானியர் ஆங்கிலம் என்றார். இத்தாலியர் ருசிய மொழி என்றார். அதற்குள் தமக்குத் தெரிந்த சொல் ஒன்றேனும் இருந்ததாக எவரும் கூறவில்லை. தத்தமக்குப் புரியாத மொழி ஒன்றைச் சொல்லி, கொலைகாரன் அம்மொழியான் என்றனர்.

போ இதனைத் துப்பாகவே வைத்தார். அக்குரல் போர்னியோத் தீவிலிருந்து கொணரப்பெற்ற மனிதக் குரங்கினுடையது என்பது கதையின் முடிவு. ஆனால் நமக்கு இஃது அதனினும் ஆழமாகப் படுகிறது. அச்சம் வந்தபோது காது எதைக் கேட்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? புரியாத மொழியெல்லாம் கொலைகாரன் மொழியாகிவிடுகிறது.

குரங்குக்குக் குற்றவுணர்வு இல்லை. ஆகவே அக்கதையில் அறிவு வெற்றி பெறுகிறது. நெஞ்சு எதையும் சுமப்பதில்லை. அதே போ 1843-இல் எழுதிய ‘காட்டிக்கொடுத்த இதயம்’ என்ற கதையில் துப்பறிபவரே இல்லை. கிழவர் ஒருவரைக் கொன்று தரைப் பலகைக்கு அடியில் புதைத்தவன், அப்பிணத்தின் இதயம் துடிக்கும் ஓசை தன் செவியில் ஓங்கி ஒலிக்கக் கேட்டுத் தானே கத்திக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். ஒரு கதையில் குற்றவுணர்வில்லாத கொலை. மற்றதில் துப்பறிபவரில்லாத குற்றவுணர்வு. இவ்விரண்டும் ஒரே நூலில் கலந்தபோதுதான் கொலைக் கதை இலக்கியமாயிற்று.

சந்திரக்கல்லின் பழி

அக்கலப்பை நிறைவாகச் செய்தவர் வில்கி காலின்ஸ். அவர் 1868-இல் எழுதிய ‘சந்திரக்கல்’ நாவல் நம் நாட்டு மண்ணிலேயே தொடங்குகிறது. 1799-ஆம் ஆண்டு மே மாதத்தில் சீரங்கப்பட்டினக் கோட்டை வீழ்ந்தபோது, ஹெர்ன்கேசில் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி காவலரைக் கொன்று, கோயிலுக்குரிய வைரம் ஒன்றைக் கவர்ந்து செல்கிறான். பல ஆண்டுகளுக்குப்பின் அவ்வைரம் ஆங்கில நாட்டு மாளிகை ஒன்றில் ஓர் இளம்பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து சேர்கிறது. அன்றிரவே காணாமற் போகிறது.

உடனே யாரைப் பிடிக்கின்றனர்? கழைக்கூத்தர் வேடத்தில் அவ்வூருக்கு வந்த மூன்று இந்தியரை! அவர்கள் அன்றிரவு அம்மாளிகையை அணுகவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் நாடோடிகள் என்ற பெயரால் சிறையில் வைக்கின்றனர். அடுத்த ஐயம் வேலைக்காரர் மேல். அவருள்ளும் முன்பு ஒருமுறை திருடித் திருந்திய ரோசன்னா என்ற ஏழைப் பெண்மேல். அவள் புதைமணலில் வீழ்ந்து உயிர் விடுகிறாள். உண்மையிலோ, வைரத்தைக் கவர்ந்தவன் அறச்சாலைகள் பலவற்றுக்குத் தலைமை தாங்கி, மகளிர் கூட்டங்களில் உருக்கமாகச் சொற்பொழிவாற்றும் உறவினன். அதனைப் பெட்டியினின்றும் எடுத்து அவன் கைக்குப் போகச் செய்தவனோ, தனக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினியின் மயக்கத்தில் நடந்த கதைத் தலைவனே! திருடனைத் தேடி அலைந்தவன், தன் இரவு உடையிலேயே கறையைக் காண்கிறான்.

இம்முடிச்சை அவிழ்ப்பவர் யார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எஸ்ரா ஜென்னிங்ஸ் என்னும் மருத்துவ உதவியாளர், குடியேற்ற நாட்டில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் வேற்றினத்தவர். அவர் தோற்றத்தைக் கண்டு ஊரே விலகிப்போகிறது. பொய்ப்பழி ஒன்றையும் அவர் வாழ்நாள் முழுதும் சுமக்கிறார். ஊர் ஒதுக்கிய ஒருவரே ஊர் காணாத உண்மையைக் கண்டுரைக்கிறார். வைரத்தைக் கவர்ந்தவனைக் கொன்று அதனை மீட்பவர் அவ்விந்தியர் மூவரே என்பதைக் காலின்ஸ் மறைக்கவில்லை. ஆயினும் சோமநாதத்தில் அக்கல் மீண்டும் தெய்வத்தின் நெற்றியில் ஒளிரும் காட்சியோடு நூலை முடிக்கும்போது, முதற்குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதை வாசகர்க்கு நினைவூட்டிவிடுகிறார்.

காலின்ஸின் கற்பனைக்கு உண்மை நிகழ்ச்சி ஒன்றும் துணை செய்தது. 1860-இல் இங்கிலாந்தின் ரோடு ஹில் மாளிகையில் நான்கு வயது நிரம்பாத குழந்தை ஒன்று கொல்லப்பட்டது. உள்ளூர்ப் போலீசார் தாதியைப் பிடித்தனர். இலண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜாக் விச்சர், காணாமற்போன இரவு உடை ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, அவ்வீட்டு மகளான 16 வயது கான்ஸ்டன்ஸை ஐயுற்றார். பெருங்குடிப் பெண்ணைக் குறைகூறுவதா என்று நாடே அவரை ஏசிற்று. அவர் புகழ் மங்கிற்று. ஐந்து ஆண்டுகளுக்குப்பின், 1865-இல், அப்பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். வீட்டுக்குள் நோக்குக என்று சொன்னதே அத்துப்பறிவாளர் செய்த பிழை!

நாயும் தீவும்

கானன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டை நாய்’ 1901-1902-இல் வெளிவந்தது. சதுப்பு நிலம், மூடுபனி, குலத்தைத் தொடரும் சாபம், இரவில் ஊளையிடும் பேய்நாய் ஆகியவற்றால் பழைய மாளிகைக் கதையின் முழுக்கோலமும் அங்கே உண்டு. சிறையினின்று தப்பிய கைதி ஒருவன் மேட்டு நிலத்தில் பதுங்கியிருக்க, மக்கள் அவனை அஞ்சிக் கதவடைக்கின்றனர். ஷெர்லக் ஹோம்ஸோ விருந்துக் கூடத்தில் தொங்கும் மூதாதையின் ஓவியத்தின் முன் நின்று, தொப்பியையும் சுருள்முடியையும் கையால் மறைத்துக் காட்டுகிறார். அண்டை வீட்டு ஸ்டேபிள்டனின் முகம் அங்கே தெரிகிறது! பாஸ்பரஸ் பூசிய நாயை ஏவியவன் அக்குலத்தின் இரத்தமே.

இவ்வகையை இறுதி எல்லைவரை கொண்டு சென்றவர் அகதா கிறிஸ்டி அம்மையார். 1939-இல் அவர் எழுதிய ‘பின்பு ஒருவரும் இல்லை’ என்ற நாவலில் பத்துப் பேர் ஒரு தீவில் அகப்படுகின்றனர். அங்குள்ள மாளிகை பழையதன்று. இருண்ட மூலையே இல்லாத புதிய வீடு. ஒவ்வொருவரும் ஒவ்வோர் உயிரின் சாவுக்குக் காரணமாகி, சட்டத்தின் கைக்கு எட்டாமல் தப்பியவர். சாவுகள் தொடங்கியதும் மூவர் தீவு முழுவதும் தேடுகின்றனர், ஒளிந்திருக்கும் வெளியாளைக் கண்டுபிடிப்பதற்கு. பாறை பாறையாகத் தேடியும் வெளியாள் எவனும் இல்லை. கொலைகாரன் நம்முள் ஒருவன் என்று அவர்கள் உணரும் அந்த நேரமே நூலின் உச்சம். அதற்குமேல் பேய் எதற்கு? தன்னை நம்பிய சிறுவனைக் கடலில் மூழ்கவிட்ட பெண்ணுக்கு, கூரையினின்று தொங்கும் ஈரக் கடற்பாசி கழுத்தில் படுவதே போதும்.

எல்லாரையும் தண்டித்தவன் யார்? ஓய்வுபெற்ற நீதிபதி. குற்றத்தின் அளவைத் தானே நிறுத்து, குறைந்த குற்றமுடையோரை முதலிற் கொன்று, மிக்க குற்றமுடையோரை நெடுநேரம் அஞ்ச வைக்கிறான். நீதி என்ற பெயரில் அவன் நுகர்ந்தது கொலையின் சுவையே. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1934-இல், அதே அம்மையார் ‘ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை’யில் இதன் மறுபுறத்தைக் காட்டியிருந்தார். குழந்தையைக் கடத்திக் கொன்று தப்பியவனை, அக்குடும்பத்தின்பால் அன்புடைய பன்னிருவர் கத்தியாற் குத்துகின்றனர். ஆங்கில வழக்குமன்றத்து ஜூரர்களின் எண்ணிக்கையும் பன்னிரண்டே. அங்கும் இரயில் அதிகாரியின் முதல் ஐயம் இத்தாலியன்மேல்தான். காரணம், கத்தி இத்தாலியரின் கருவியாம்! துப்பறியும் புவாரோவோ, போர்க்காலத்தில் அகதியாக ஆங்கில நாடு புகுந்த பெல்ஜியர். உண்மையை அறிந்த பின்னும் அவர் இரண்டு முடிவுகளை முன்வைத்து, பொய்யான முடிவு போலீசாருக்குச் செல்ல இடந்தந்து விலகிக்கொள்கிறார். சட்டம் வேறு, நீதி வேறு என்று சொல்வது எளிது. நீதியைத் தன் கையில் எடுப்போர் அந்த நீதிபதியாகிவிடும் இடர் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

படிப்போர் சுமக்கும் பங்கு

இக்கதைகளை ஏன் விரும்பிப் படிக்கிறோம்? 1948-இல் கவிஞர் ஆடன் தம் கட்டுரையில் ஒரு விடை தந்தார். வாசகர் தம்முள் இன்னதென்று அறியாத குற்றவுணர்வு உடையவர்; குற்றம் முழுவதும் ஒருவன் தலையில் இறக்கப்பட்டு ஏனையோர் தூயர் எனத் தெளியும்போது, தாமும் தூயரானதாக ஆறுதல் கொள்கிறார் என்பது அதன் சாரம். இக்கருத்து நம்மை உறுத்த வேண்டியதே. ஒருவனைச் சுட்டிவிட்டால் ஏனையோர் தூயர் என்னும் அந்த ஆறுதல்தானே வெளியாளைப் பிடித்துச் சிறையிலிடவும் தூண்டுகிறது?

சிறந்த ஆசிரியர்கள் அவ்வாறுதலை நமக்குத் தர மறுத்தனர். வில்லியம் காட்வின் 1794-இலேயே எழுதிய ‘காலெப் வில்லியம்ஸ்’ நாவலில், தன் எசமானன் கொலைகாரன் என்பதையும், அக்கொலைக்காகக் குற்றமற்ற தந்தையும் மகனும் தூக்கிலிடப்பட்டதையும் பணியாளன் ஒருவன் கண்டறிகிறான். பல்லாண்டுத் துன்பத்துக்குப்பின் மன்றத்தில் உண்மையை நிலைநாட்டுகிறான். எசமானன் ஒப்புக்கொண்டு மூன்று நாளில் இறக்கிறான். வென்றவனுக்கோ மகிழ்ச்சி இல்லை. தானே அவனைக் கொன்றதாக நெஞ்சு வருந்துகிறான். டாரதி சேயர்ஸ் அம்மையாரின் 1937-ஆம் ஆண்டு நாவலில், கொலைகாரனைக் கண்டுபிடித்த விம்சி பிரபு அவனுக்காக வாதாட நல்ல வழக்கறிஞரைத் தாமே அமர்த்துகிறார். தூக்கிலிடும் காலை எட்டு மணி அடிக்கும்போது மனைவியின் மடியில் முகம் புதைத்து அழுகிறார். பிறர் துப்பறிவாளர்கள் கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வெளியேறும் இடத்தில் இவர் அழுகிறார்.

மெய்யாக நடந்தவை

கதையை விட்டு உலகுக்கு வருவோம். நாம் வாழும் இம்மும்பை மாநகரில் பிறந்த பார்சி ஒருவர், ஷாபுர்ஜி எடல்ஜி, கிறித்தவ சமயம் தழுவி இங்கிலாந்து சென்று, கிரேட் வைர்லி என்னும் ஊரின் திருச்சபைக் குருவானார். அவர் மகன் ஜார்ஜ் எடல்ஜி பர்மிங்ஹாமில் வழக்கறிஞர். அவ்வூரில் 1903-இல் இரவு நேரங்களில் குதிரைகளும் மாடுகளும் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. பெயரற்ற கடிதங்கள் பறந்தன. ஊரார் விரல் நிறம் வேறுபட்ட அந்தக் குடும்பத்தை நோக்கி நீண்டது. ஜார்ஜுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மூன்றாண்டு கழிந்தபின், 1906-இல், காரணம் எதுவும் கூறாமல் விடுவித்தனர்.

அவர் கானன் டாயிலின் உதவியை நாடினார். விடுதியில் சந்திக்கச் சென்ற டாயில், செய்தித்தாளைக் கண்ணருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜைத் தொலைவிலேயே கண்டார். இத்துணைப் பார்வைக் குறையுடையவர் நள்ளிரவில் இருப்புப்பாதை கடந்து, வயல்களைத் தாண்டி அக்கொடுமையைச் செய்திருக்க இயலுமா? 1907-இல் அவர் எழுதிய கட்டுரைகள் நாட்டை உலுக்கின. அரசு அமைத்த குழு, விலங்குகளை வெட்டியவர் ஜார்ஜ் அல்லர் என்று ஏற்றது. ஆனால் கடிதங்கள் சிலவற்றை அவரே எழுதித் தம் தலையில் இன்னலை வருவித்துக்கொண்டார் என்றும் கூறி, ஒரு காசும் இழப்பீடு தராமல் விட்டது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் குற்ற மேல்முறையீட்டு மன்றம் அமைய இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

மற்றொன்று கொலை வழக்கு. 1908-இல் கிளாஸ்கோ நகரில் முதிய பெண்மணி ஒருவர் கொல்லப்பட்டார். ஆஸ்கார் ஸ்லேட்டர் என்னும் ஜெர்மானிய யூதர் பிடிபட்டு, 1909-இல் தூக்குத் தண்டனை பெற்றார். தூக்கிலிடுதற்கு இரண்டு நாள் முன்புதான் அஃது ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. டாயில் 1912-இல் அவருக்காக நூல் எழுதினார். அவர் குற்றவாளி அல்லர் எனக் கருதி ஆவணங்களை வெளிக்கொணர்ந்த போலீஸ் அதிகாரி ஒருவர் 1914-இல் வேலையிழந்தார். ஸ்லேட்டர் வெளிவந்தது 1927-இல். தண்டனை தள்ளுபடியானது 1928-இல். அந்த இரண்டு நாள் தவறியிருந்தால், பின்வந்த தீர்ப்பு எந்தக் கல்லறையில் படிக்கப்பட்டிருக்கும்?

இங்கே நம் சிலப்பதிகாரத்தை நினையாமல் இருக்க இயலுமோ? கோவலன் புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரை புகுந்த புதியவன். சிலம்பைத் திருடியவனோ அரண்மனையோடு தொடர்புடைய பொற்கொல்லன். தன் குற்றத்தை மறைக்கப் புதியவன் ஒருவன் வந்து கிடைத்தான். அரசன் ஆராயாமல் ஆணையிட்டான். எடல்ஜியின் வழக்கும் இதுவே, ஸ்லேட்டரின் வழக்கும் இதுவே. ஆனால் முடிவில் ஒரு வேற்றுமை உண்டு. சிலம்பின் பரல் தெறித்தபோது பாண்டியன் குழு அமைக்கவில்லை. வந்தவன்மேல் பாதிப் பழியை மிச்சம் வைக்கவில்லை. முழுக்குற்றத்தையும் தன்மேல் ஏற்று அரியணையிலேயே உயிர் நீத்தான். நீதி செய்யத் தவறிய மன்றம் அத்தவற்றை ஒப்புக்கொள்வதும் நீதியே என்பதைத் தமிழ்க் காப்பியம் இவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறது.

அன்பர்களே, கொலைக் கதைகளைப் படிக்கும் நம் பிள்ளைகளை வீண்பொழுது போக்குகின்றனர் என்று கடிய வேண்டா. படித்து முடித்ததும் ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: முதலில் யாரை ஐயுற்றாய், ஏன்? புரியாத மொழி பேசினான் என்பதாலா? வேலைக்காரன் என்பதாலா? நேற்று வந்தவன் என்பதாலா? இம்மாநகர்க்கு நாமும் ஒரு காலத்தில் நேற்று வந்தவர்களே. இன்று நம் குடியிருப்புக்கு வேறெங்கிருந்தோ பிழைக்க வந்த காவற்காரனும், கட்டட வேலையாளும், பாத்திரம் துலக்கும் பெண்ணும் உளர். நம் வீட்டில் ஒரு மோதிரம் காணாமற் போகும் நாளில், நம் விரல் எத்திசையில் நீளும் என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்போமாக.